இரண்டாம் பாகத்தில் பாத்திரங்கள்

முதல் பாகத்தைக் கையில் எடுத்தபோது உங்கள் பாத்திரங்களில் ஒருவரையும் வாசகருக்குத் தெரியாது. இரண்டாம் பாகத்தைப் பிரிக்கும்போது அவர் அவர்களோடு ஐந்நூறு, அறுநூறு பக்கம் பழகியவர். யார் எதற்குப் பயப்படுவார், யார் எந்த இடத்தில் பொய் சொல்வார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சில சமயம் எழுதியவரைவிட அவருக்கே அதிகம் நினைவிருக்கும். ஆகவே அறிமுக வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது அதைவிடக் கடினமானது. நடந்ததெல்லாம் இந்த மனிதர்களை என்ன செய்தது என்று காட்ட வேண்டும்.

காவிய ஃபேன்டஸி எழுதுகிறவர்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் உலகம் விரிகிறது. புதிய நாடு, புதிய மந்திரம், இன்னொரு அரச வம்சம், இன்னும் பெரிய போர் என்று எழுதுவதற்கு ஏராளமாக வந்து சேர்கிறது. இத்தனையையும் வாசகருக்குக் காட்டிக்கொண்டு போவதற்கான ஆளாகப் பாத்திரம் சுருங்கிவிடுகிறது. அவர் நடக்கிறார், பார்க்கிறார், தப்பிக்கிறார், ஆனால் மாறுவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் எழுதிய காட்சியிலிருந்து பாத்திரத்தை வெளியே எடுங்கள். முதல் பாகத்தில் அவர் எப்படி இருந்தாரோ, அந்தப் பழைய ஆளை அதே இடத்தில் நிறுத்துங்கள். அவரும் இதையே பேசுவார், இதையே செய்வார் என்றால் அந்தக் காட்சியில் பாத்திரம் நகரவில்லை. பழைய ஆள் சோதனை என்று இதை அழைப்போம். கீழே சொல்லப்படும் நாவல்களின் கதை முடிச்சுகள் அவிழ்க்கப்படுகின்றன; படிக்காதவர்கள் அதைத் தெரிந்துகொண்டு தொடரலாம்.

சான்சாவின் பொய்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 1996-இலும் அதன் தொடர்ச்சியான ‘எ கிளாஷ் ஆஃப் கிங்ஸ்’ 1998-இலும் வெளிவந்தன. தொலைக்காட்சித் தொடராக மட்டும் பார்த்தவர்கள் நம்மிடையே அதிகம். பாத்திரப் படைப்பைக் கற்றுக்கொள்ள நாவலுக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே ஒருவரின் கண்வழியாக நகர்வதால், ஒருவருக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதை மறைக்க ஆசிரியருக்கு இடமே இல்லை.

முதல் நாவலில் சான்சா பாட்டுகளையும் வீரக்கதைகளையும் நம்பும் சிறுமி. இளவரசன் ஜாஃப்ரி அவளுக்குக் கதையிலிருந்து இறங்கி வந்தவன். தந்தையின் திட்டத்தை அரசியிடம் போய்ச் சொல்கிறாள். தந்தை சிறைப்பட்டதும் சபையில் மண்டியிட்டு, மன்னராகிவிட்ட ஜாஃப்ரி கருணை காட்டுவான் என்று முழுமனதோடு நம்பிக் கெஞ்சுகிறாள். பிறகு அவள் கண்ணெதிரே தந்தையின் தலை வெட்டப்படுகிறது.

இரண்டாம் நாவலில் அவளுடைய முதல் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். ஜாஃப்ரியின் பிறந்தநாள் பந்தயம் நடக்கிறது. டான்டோஸ் என்ற வீரன் குடித்துவிட்டு, இடுப்புக்குக் கீழே துணியில்லாமல், தன் குதிரையைத் துரத்திக்கொண்டு களத்துக்கு வருகிறான். எரிச்சலடைந்த ஜாஃப்ரி அவனை மதுப்பீப்பாயில் மூழ்கடிக்கச் சொல்கிறான். சான்சாவின் வாயிலிருந்து மறுப்பு தானாக வந்துவிடுகிறது. வந்த மறுகணமே அவளுக்கு உயிர்ப்பயம். ஜாஃப்ரி அவள் பக்கம் திரும்புகிறான். அந்த நொடியில் அவள் ஒரு பொய்யைக் கட்டுகிறாள்: பிறந்தநாளன்று கொலை செய்வது மன்னருக்கு ஆகாது. பக்கத்தில் நிற்கும் மெய்க்காவலன், வேட்டைநாய் என்று அழைக்கப்படுபவன், அந்தப் பொய்க்கு ஒத்து ஊதுகிறான். அவள் அதோடு நிறுத்தவில்லை. இவனைக் கொல்வதைவிடக் கோமாளியாக்குவதுதான் தகும் என்று ஜாஃப்ரியின் கர்வத்துக்குத் தீனி போட்டு, அந்த உயிரைக் காப்பாற்றிவிடுகிறாள்.

பழைய சான்சாவை இங்கே நிறுத்திப் பாருங்கள். அவளும் பேசியிருக்கலாம். ஆனால் கருணையை நம்பிப் பேசியிருப்பாள். இந்தச் சான்சாவுக்கு எதிரில் இருப்பவனிடம் கருணை கிடையாது என்று தெரியும். கர்வம் இருக்கிறது என்றும் தெரியும். மார்ட்டின் அவளை வாளெடுத்த வீராங்கனையாக்கவில்லை. சின்ன வயதிலிருந்து பழக்கப்பட்ட அதே நயமான பேச்சு, அதே மரியாதை, அதே தலைதாழ்த்தல்தான். முன்பு அது அவள் வளர்ப்பு. இப்போது அது அவளுடைய கவசம். குணம் அப்படியே இருக்க, அதை அவள் எதற்குப் பயன்படுத்துகிறாள் என்பது மாறியிருக்கிறது. இரண்டாம் பாகத்தில் ஒரு பாத்திரத்தை வளர்ப்பதற்கு எனக்குத் தெரிந்த நேர்த்தியான வழி இதுதான். வாசகருக்கு ஆள் அடையாளம் தவறாது. ஆனாலும் இது வேறு ஆள் என்று உணர்வார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தந்தை வெட்டப்பட்டதை நினைத்து அவள் அழும் பத்தி இந்த நேரத்தில் வரவில்லை. முன்கதைச் சுருக்கத்தைப் பாத்திரத்தின் மூளைக்குள் திணிப்பது இரண்டாம் பாகங்களின் பொதுவான நோய். போன நாவலில் நடந்ததை ஒருவர் சன்னலோரம் நின்று வரிசையாக நினைத்துப் பார்த்தால், அது நினைவாக இருக்காது, அறிக்கையாகத்தான் இருக்கும். பட்ட அடி செயலில் தெரியட்டும். பொய் சொல்லக் கற்றுக்கொண்ட சிறுமியைப் பார்த்ததும் வாசகருக்குத் தானாகவே அந்தத் தலை நினைவுக்கு வரும்.

ஓரத்தில் நின்றவருக்கு உள்ளே

முதல் நாவலில் தியான் கிரேஜாய் ஓரத்தில் நிற்பவன். எதற்கும் சிரிக்கிறவன். ஓடிப்போன காவலனின் தலை வெட்டப்பட்டபோது அந்தத் தலையைச் சிரித்துக்கொண்டே உதைத்தவன். சான்சாவின் தம்பியான சிறுவன் பிரானின் கண்ணால் அவனைப் பார்க்கும் நமக்கு அவனைப் பிடிக்காமல் போகிறது, அவ்வளவுதான். இரண்டாம் நாவலில் மார்ட்டின் அவனுக்கு ஆறு அத்தியாயங்கள் தருகிறார். நூலின் உச்சம் அங்கேதான் என்பது என் முடிவு.

பத்து வயதில் பணயமாகப் பிடித்துச் செல்லப்பட்டவன், சான்சாவின் அண்ணன் ராப் ஸ்டார்க்கின் தூதனாகத் தந்தையின் தீவுக்குத் திரும்புகிறான். பட்டும் வெல்வெட்டும் உடுத்தி, கழுத்தில் தங்கச் சங்கிலி அணிந்து, பெரிய வரவேற்பு காத்திருக்கிறது என்று எதிர்பார்த்து வருகிறான். தந்தை பேலன் அந்தச் சங்கிலியைப் பார்த்துக் கேட்பது ஒன்றே ஒன்று. இதை எதிரியைக் கொன்று எடுத்தாயா, காசு கொடுத்து வாங்கினாயா? கொள்ளையடிப்பதே ஆண்மை என்று வாழும் அந்தத் தீவில் காசு கொடுத்து வாங்கிய நகை வெட்கக்கேடு. தந்தை அதைப் பிடித்து இழுத்து அறுக்கிறார். மகன் கொண்டுவந்த கடிதம் நெருப்புக்குப் போகிறது.

அந்தச் சங்கிலி அறுபடும் இடத்தில் முதல் நாவலின் சிரிப்புக்கு அர்த்தம் கிடைத்துவிடுகிறது. அங்கே பணயக்கைதி, இங்கே அந்நியன். எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாதவனின் சிரிப்பு அது. அதன்பின் ஸ்டார்க்குகளின் வின்டர்ஃபெல் கோட்டையை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு அவன் பிடிப்பதும், தப்பிப்போன பிரானையும் அவன் தம்பி ரிக்கனையும் பிடிக்க முடியாத அவமானத்தை மறைக்க ஒரு ஆலைக்காரரின் இரண்டு பிள்ளைகளைக் கொன்று இளவரசர்கள் என்று காட்டுவதும் நம்மைக் கூசவைக்கின்றன. அவனை மன்னிக்க மார்ட்டின் நம்மைக் கேட்கவில்லை. புரிந்துகொள்ள மட்டும் வைக்கிறார். இரண்டாம் பாகம் எழுதும் நீங்கள் முதல் பாகத்தில் வாசகருக்குப் பிடிக்காமல் போன, ஆனால் உள்ளே போகாத ஒரு துணைப்பாத்திரத்தைத் தேடுங்கள். அங்கே ஒரு கதவு பூட்டியபடி இருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய ஆள் கிடையாது. அவர்கள் கடந்த காலத்தோடு நுழைய வேண்டும். அதைச் சொல்ல மூன்று பக்கம் செலவழிக்கவும் முடியாது. டாவோஸைப் பாருங்கள். முன்னாள் கடத்தல்காரர். முற்றுகையில் பட்டினி கிடந்த கோட்டைக்கு இருட்டில் படகு ஓட்டி வெங்காயமும் உப்புக்கருவாடும் கொண்டுபோனவர். அதற்காக, கோட்டையைக் காத்துநின்ற ஸ்டானிஸ் அவருக்கு வீரப்பட்டம் கொடுத்தார். கடத்தல் குற்றத்துக்காக ஒரு கையின் நான்கு விரல்நுனிகளையும் வெட்டினார். அந்த எலும்புகளை டாவோஸ் ஒரு சிறு பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அவருக்கு அதில் கோபமில்லை. நியாயம் என்றே நினைக்கிறார். அந்தப் பை இரண்டு பேரைக் காட்டிவிடுகிறது. நன்றிக்காகக் குற்றத்தையும், குற்றத்துக்காக நன்றியையும் விட்டுக்கொடுக்காத ஸ்டானிஸுக்குள் மார்ட்டின் ஒருமுறைகூடப் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. டாவோஸுக்குக் கிடைத்தவை மூன்றே அத்தியாயங்கள்.

அதே நாவல் தவறவிட்டவை

இவ்வளவு தேர்ந்த நாவலிலும் பலவீனங்கள் உண்டு. அவற்றை மறைத்தால் உங்களுக்குப் பயன் இல்லை. நாவலில் முன்னுரை அத்தியாயத்தோடு சேர்த்து 70 அத்தியாயங்கள். அரசியின் தம்பி டிரியனுக்கு 15. டெனேரிஸுக்கு 5. முதல் நாவலின் கடைசியில் கணவனின் சிதைக்குள் நடந்து, மூன்று டிராகன்களோடு வெளியே வந்தவள் டெனேரிஸ். வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது அவளுக்காக. இரண்டாம் நாவலில் அவள் பாலைவனம் கடந்து கார்த் என்ற நகரத்துக்கு வந்து, பெரும்பகுதி நேரம் விருந்தாளியாக இருக்கிறாள். வணிகர்களிடம் கப்பல் கேட்கிறாள், மறுக்கிறார்கள். மந்திரவாதிகளின் மாளிகையில் அவள் காணும் காட்சிகள் மயக்கம் தருபவை. ஆனால் அவை பெரும்பாலும் எதிர்காலத்தைப் பற்றியவை. அவளைப் பற்றியவை கொஞ்சமே. பழைய ஆள் சோதனையை இங்கே போட்டால், சிதையிலிருந்து எழுந்த அந்தப் பெண்ணே கார்த்திலும் இதே மாதிரிதான் நடந்துகொள்வாள். ஒரு நாவல் நீளத்துக்கு அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். அவளைச் சுற்றியிருக்கும் கார்த் நகரத்தாரும் உடையலங்காரத்தைத் தாண்டி மனதில் நிற்பதில்லை.

டிரியனிடம் சிக்கல் நேர்மாறானது. அவனை எழுத மார்ட்டினுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அரசவையில் உளவு சொல்பவர் யார் என்று கண்டுபிடிக்க, மூன்று ஆலோசகர்களிடம் இளவரசியின் திருமணம் பற்றி மூன்று வெவ்வேறு கதைகளைச் சொல்லி அனுப்புகிறான். எந்தக் கதை அரசி செர்சேயின் காதுக்குப் போகிறதோ, அதைக் கேட்டவனே குற்றவாளி. படிக்க அருமையான இடம். ஆனால் ஒருவன் இத்தனை முறை ஜெயிக்கும்போது எதிரே இருப்பவர்கள் மங்கிப்போகிறார்கள். முக்கியமாகச் செர்சே. இந்த நாவலில் அவள் எரிச்சலும் குடியுமாகத்தான் அதிகம் தெரிகிறாள். அவளுக்குள் நாம் நுழைய 2005-இல் வந்த நான்காம் நாவல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராப் ஸ்டார்க்குக்கு அதுவும் இல்லை. முடிசூட்டிக்கொண்ட பதினைந்து, பதினாறு வயதுப் பையனின் வெற்றிகள் தூதர்களின் வாயால் வந்து சேர்கின்றன. அவன் மனம் நமக்குக் கிடைப்பதே இல்லை.

ஆகவே முதல் வரைவு முடிந்ததும் பென்சிலை எடுத்து யாருக்கு எத்தனை அத்தியாயம் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பிடித்த பாத்திரம் அதிக இடத்தைப் பிடித்திருக்கிறதா, கதைக்குத் தேவையான பாத்திரம் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உடலில் தொடரும் காயம்

ராபின் ஹாப்பின் ‘ராயல் அசாசின்’ (1996) வேறொரு வழியைக் காட்டுகிறது. அதற்கு முந்தைய நாவலின் முடிவில் ஃபிட்ஸ் என்ற இளைஞன் விஷத்திலிருந்து பிழைத்தவன். பெரும்பாலான ஃபேன்டஸிகளில் அடுத்த பாகம் தொடங்கும்போது நாயகன் குதிரையில் ஏறியிருப்பான். ஃபிட்ஸோ மலைநாட்டில் படுக்கையில் கிடக்கிறான். கை நடுங்குகிறது, வலிப்பு வருகிறது. கொலைத்தொழிலுக்குப் பழக்கப்பட்ட உடல் அவன் சொல்பேச்சு கேட்கவில்லை. அரண்மனைக்குத் திரும்பவே மாட்டேன் என்று முடிவெடுக்கிறான். இந்தத் தொடக்கத்துக்காகவே இந்த நாவலைப் பாடமாக வைக்கலாம். போன பாகத்தின் வெற்றிக்கு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் வாசகர் உணர்ந்துவிடுகிறார்.

ஆனால் அதே நாவலின் எதிரி ரீகல் பலவீனமான படைப்பு. முதல் நாவலில் தன் அண்ணனையே கொல்லப் பார்த்தவன், இரண்டாம் நாவலில் எதுவும் நடக்காததுபோல் அரண்மனையில் வளைய வருகிறான். செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட இளவரசன் என்பதைத் தாண்டி அவனிடம் எதுவும் சேரவில்லை. ஃபிட்ஸே கதையைச் சொல்வதால் ரீகலுக்குள் போக முடியாது என்பது உண்மை. இருந்தாலும் வெளியிலிருந்து காட்டிய ஸ்டானிஸை மறக்க முடியவில்லையே. எதிரிக்கும் பழைய ஆள் சோதனை உண்டு. போன பாகத்தில் தோற்றது அவனுக்கு என்ன கற்றுக்கொடுத்தது? பதில் இல்லை என்றால், அவன் கதையை நகர்த்தும் வசதிக்காக மட்டும் உயிரோடு இருக்கிறான்.

சாவைத் திருப்பி வாங்குவது

பிராண்டன் சாண்டர்சனின் ‘வேர்ட்ஸ் ஆஃப் ரேடியன்ஸ்’ (2014) ஒரே நூலுக்குள் சிறந்த இடங்களையும் சறுக்கல்களையும் வைத்திருக்கிறது. முதல் நாவலில் கலாடின் அடிமையாக்கப்பட்டவன். அமரம் என்ற பிரபு அவனை ஏமாற்றி, அவன் தோழர்களைக் கொன்று, நெற்றியில் சூடு போட்டு விற்றான். இரண்டாம் நாவலில் களத்தில் தனியாக மாட்டிக்கொண்ட பிரபு மகன் அடோலினைக் கலாடின் உள்ளே குதித்துக் காப்பாற்றுகிறான். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அந்த நிமிடத்தில் அமரத்தோடு சண்டை வேண்டும் என்று மன்னரிடம் கேட்டு, அடோலினின் குடும்பம் மாதக்கணக்கில் போட்ட திட்டத்தைக் கெடுத்துவிடுகிறான். வீரம் அவனை உயர்த்திய அதே இடத்தில் பழைய காயம் அவனைக் கீழே தள்ளுகிறது. அவன் சிறைக்குப் போகிறான். அடோலினும் அவனுக்காகத் தானே போய்ச் சிறையில் உட்கார்ந்துகொள்கிறான். முதல் நாவலில் உடையும் பெண்களும் என்று திரிந்த பையன் இவன். அவன் அந்தச் சிறையில் உட்கார்ந்த பிறகு வாசகர் அவனை விட்டுக்கொடுக்க மாட்டார்.

சறுக்கல் சாவுகளில் இருக்கிறது. அறிஞர் ஜாஸ்னா நூலின் முன்பகுதியில் கப்பலில் குத்தப்பட்டு இறக்கிறாள். அவளுடைய மாணவி ஷல்லான் அந்த இழப்போடு, ஆசிரியையின் வேலையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, பொய்யும் துணிச்சலுமாக வளர்கிறாள். நூலின் கடைசியில் ஜாஸ்னா திரும்பி வருகிறாள். கலாடினின் துணையான சில் என்ற சிற்றுரு போய்விட்டதாக நம்பவைக்கப்பட்டு, திரும்பி வருகிறது. கொலைகாரன் ஸெத்தும் செத்துப் பிழைக்கிறான். ஒரே நூலில் மூன்று. ஒவ்வொன்றுக்கும் கதைக்குள் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் மூன்றாவது முறைக்குப் பிறகு வாசகர் எந்தச் சாவுக்கும் கலங்க மாட்டார். ஷல்லான் பட்ட துயரத்தின் எடையும் பின்னோக்கிக் குறைந்துவிடுகிறது.

திருப்பிக் கொண்டுவரவே கூடாது என்று சொல்லவில்லை. டோல்கியன் ஒரே நாவலாக எழுதி, பதிப்பாளர் மூன்றாகப் பிரித்து வெளியிட்டதில் இரண்டாவதான ‘தி டூ டவர்ஸ்’ (1954) நூலில் இறந்துவிட்டதாக நம்பப்பட்ட மந்திரவாதி கேன்டால்ஃப் திரும்புகிறார். தன் பெயரைக் கேட்டதும், எப்போதோ பழகிய சொல்லை நினைவுக்குக் கொண்டுவருவதுபோல் தயங்குகிறார். தோழர்கள் முதலில் அவரை எதிரி என்றே நினைக்கிறார்கள். வந்திருப்பவர் போனவர் அல்ல. பழைய ஆள் சோதனையில் அவர் தேறுகிறார். நூலின் கடைசிப் பக்கங்களில் வந்து நிற்கும் ஜாஸ்னாவுக்கு அந்தச் சோதனையை எழுதவே இடம் மிஞ்சவில்லை. ஒருவரை மீட்பதானால் நூலின் நடுவில் மீட்டெடுங்கள். மீண்டதன் விலையைக் காட்டப் பக்கங்கள் வேண்டும்.

வேறொருவர் கண்ணில்

கடைசியாக, நான் மிகவும் நேசிக்கும் ஓர் இரண்டாம் பாகம். உர்சுலா லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ (1968) நாவலின் நாயகன் மந்திரவாதி கெட். அடுத்து 1971-இல் வந்த ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ அவனிடம் தொடங்கவில்லை. சின்ன வயதிலேயே குடும்பத்திடமிருந்து பிரித்து, பெயரைப் பறித்து, இருட்டுக் கடவுள்களுக்குப் பூசாரியாக்கப்பட்ட டெனார் என்ற பெண்ணிடம் தொடங்குகிறது. நான்கு அத்தியாயங்கள் கெட் இல்லாமலே போகின்றன. பிறகு, வெளிச்சமே தடைசெய்யப்பட்ட நிலத்தடிச் சுரங்கத்தில் அவள் ஒரு ஒளியைப் பார்க்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டு முகத்தில் தழும்போடு ஓர் அந்நியன். அவளுக்கு அவன் திருடன். நமக்கு அந்தத் தழும்பு எப்படி வந்தது என்பது தெரியும். முதல் நாவலில் அகந்தையால் தன் நிழலையே ஏவிவிட்ட இளைஞன், இங்கே பசியோடும் தாகத்தோடும் கைதியாகக் கிடந்து பொறுமையாகப் பேசுகிறான். அவன் பக்குவப்பட்டுவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. டெனார் பார்க்கிறாள், நாம் ஒப்பிட்டுக்கொள்கிறோம்.

இதிலும் குறை உண்டு. கெட் அவளைக் கைபிடித்து வெளியே அழைத்துவந்த பிறகு, டெனார் என்ன ஆவாள் என்பதற்கு நாவலிடம் திடமான பதில் இல்லை. விடுதலையின் பயத்தை லெ குவின் அழகாக எழுதிவிட்டு, வாழ்க்கையை எழுதாமல் விட்டுவிடுகிறார். அதை எழுத அவர் 1990-இல் ‘டெஹானு’வோடு திரும்பி வந்தார்.

உங்கள் கைப்பிரதியில் இதைச் செய்து பாருங்கள். இரண்டாம் பாகத்தைத் தொடங்குவதற்கு முன், முதல் பாகத்து நாயகரை முன்பின் தெரியாத ஒருவர் சந்திக்கும் காட்சியை இரண்டு பக்கத்துக்கு எழுதுங்கள். சந்தையில் பேரம் பேசும் பெண்ணாக இருக்கலாம், ஆற்றைக் கடக்கவைக்கும் ஓடக்காரராக இருக்கலாம். நாயகரின் பெயரோ பெருமையோ அவருக்குத் தெரியக் கூடாது. நாயகர் எங்கே உட்காருகிறார், முதுகுப்பக்கம் யார் வந்தாலும் திரும்புகிறாரா, சாப்பாட்டை எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறார், என்ன கேட்டால் பேச்சை மாற்றுகிறார் என்று அந்த அந்நியர் கண்ணுக்குப் பட்டதை மட்டும் எழுதுங்கள். முதல் பாகத்தில் அவரிடம் இல்லாத ஒன்றாவது அதில் தென்பட வேண்டும். தென்படவில்லை என்றால் இரண்டாம் பாகத்தின் கதைச்சுருக்கத்தை இன்னும் எழுத ஆரம்பிக்காதீர்கள். முதல் பாகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களுக்குப் போய், அவர் எதை இழந்தார் என்பதை மறுபடி தேடுங்கள்.